ஒரே உறையில் ஆறு கத்தி

கேள்வி சுருக்கமாக இதுதான்: அடுத்த மூன்று மாதத்துக்குள் ஒரு பெரிய போன் வரப்போகிறது. தடிமன் 7.8 மி.மீ. என்கிறார்கள். அதற்குள் 7000 எம்ஏஎச் பேட்டரி, 120 வாட் சார்ஜிங், 1 அங்குல கேமரா சென்சார், பெரிஸ்கோப் ஜூம், திரைக்கு அடியில் ஒளிந்த செல்ஃபி கேமரா, இத்தனைக்கும் மேல் இந்த வருடத்தின் புது சிப். நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்களாம். ஒரு கட்சி ‘எல்லாம் வரும்’ என்கிறது, இன்னொன்று ‘எல்லாம் புருடா’ என்கிறது. யார் சொல்வது சரி, கையில் இருக்கும் போனை மாற்றாமல் காத்திருக்கலாமா?

இரண்டு கட்சியும் தோற்கும் என்பது என் எண்ணம். எந்த நிறுவனத்தின் போன் என்று நீங்கள் சொல்லவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. பெயர் தெரிந்தால் பாதிப் பேர் அபிமானத்தில் பேசுவார்கள், மீதிப் பேர் வயிற்றெரிச்சலில் பேசுவார்கள்.

பத்து வருடத்துக்கு மேல் போன்களைத் திறந்து மூடியே வயிறு வளர்த்தவன் நான். வெளியீட்டுக்கு முன்பே கசியும் லீக் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது ‘இது உண்மையா’ என்ற கேள்வி இல்லை. ‘இது எங்கே உட்காரும்’ என்பதுதான். நீங்கள் சொன்ன ஆறு விஷயத்தையும் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு போனில் ஏற்கெனவே வந்திருக்கிறது. நிறுவனத்தின் சோதனைக் கூடத்தில் ஆறுக்கும் மாதிரிகள்கூட இருந்திருக்கலாம், அதைப் பார்த்த எவரோ உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரே உறையில் இரண்டு கத்தியே இருக்காது என்பார்கள். இங்கே 7.8 மி.மீ. உறை, ஆறு கத்தி.

மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மெல்லிய போன் ஒன்று பின்மூடி உடைந்து வந்தது. சூட்டுப் பலகையில் வைத்து, உறிஞ்சியை ஒட்டி இழுத்து, ஓரத்தில் பிளாஸ்டிக் தகடு விட்டுப் பசையை அறுத்துத் திறந்தேன். உள்ளே ஒரு அரிசி வைக்க இடமில்லை. ஸ்பீக்கர் அறைக்கும் அதிர்வு மோட்டாருக்கும் நடுவில் ஒரு ஸ்க்ரூ, அந்த ஸ்க்ரூவின் தலையைத் தொட்டுக்கொண்டு ஆன்டெனா வயர். பேட்டரிக்கு மேல் மட்டும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து. பக்கத்தில் நின்று தொழில் கற்றுக்கொண்டிருந்த பையன், “இங்க இடம் விட்டிருக்காங்களே அண்ணா, கொஞ்சம் பெரிய பேட்டரியா போட்டிருக்கலாமே?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்தச் சந்து சும்மா கிடக்கும் இடம் இல்லை. பேட்டரி பழசாக ஆக உப்பும். அந்த உப்பலுக்கு முதல் நாளே இடம் ஒதுக்கிவிட வேண்டும்.

ஒதுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது. 2016 ஆகஸ்டில் வந்த கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்ததால் அக்டோபரில் விற்பனையே நிறுத்தப்பட்டது. 2017 ஜனவரியில் சாம்சங் சொன்ன காரணத்தில், முதல் பேட்டரித் தயாரிப்பாளரின் செல்லில் (பேட்டரியின் மின்கலத்தில்) மேல் மூலையில் மின்தகடு வளைந்து நசுங்கியிருந்தது. உள்ளிருக்கும் சுருளுக்கு உறையில் போதுமான இடம் இல்லை. இரண்டாவது தயாரிப்பாளரின் செல்லில் வெல்டிங் பிசிறு. முதல் காரணத்தைப் பாருங்கள், மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்துக்கு நடந்த சண்டை அது.

இப்போது உங்கள் போனுக்கு வருவோம். 7.8 மி.மீ.யில் முன்கண்ணாடியும் ஓஎல்இடி பேனலும் சேர்ந்து சுமார் ஒன்றரை மி.மீ. எடுத்துக்கொள்ளும். பின்மூடி முக்கால். நடுவில் இருக்கும் உலோகத் தட்டும் பசைகளும் ஒரு அரை. உப்பலுக்கு விடும் சந்தும் மூடி அழுந்துவதற்கான இடமும் இன்னொரு அரை. மிச்சம் நாலரை மி.மீ. அதுதான் பேட்டரி படுக்கக்கூடிய உயரம்.

7000 எம்ஏஎச் என்பதை வாட்-மணிக்கு, அதாவது பேட்டரி தாங்கும் ஆற்றலுக்கு, மாற்றுங்கள். செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்று வைத்தால் 27 வாட்-மணி. இன்றைய நல்ல சிலிக்கன்-கார்பன் செல் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) ஒரு லிட்டர் இடத்தில் 800 வாட்-மணி அளவுக்குத் தாங்கும் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். அப்படியும் 34 கன செ.மீ. இடம் வேண்டும். நாலரை மி.மீ. உயரத்தில் அதைப் பரப்பினால் ஏறக்குறைய 7500 சதுர மி.மீ. 160-க்கு 75 என்ற போனின் மொத்தப் பரப்பே 12,000 சதுர மி.மீ.தான். அதாவது பேட்டரி மட்டும் அறுபது சதவீதத்துக்கு மேல் கேட்கிறது. மீதி நாற்பதுக்கும் குறைவான இடத்தில் மதர்போர்டு, மூன்று பின்கேமரா, இரண்டு ஸ்பீக்கர், சார்ஜிங் போர்ட், சிம் தட்டு, அதிர்வு மோட்டார், சட்டத்தின் சுவர்கள்.

முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பிளஸ் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2025 இறுதியில் வந்தது, 8 மி.மீ.யைச் சற்றே தாண்டிய தடிமன், 7300 எம்ஏஎச் பேட்டரி, 120 வாட் சார்ஜிங். ‘பார்த்தீர்களா, வந்துவிட்டதே’ என்று முதல் கட்சி குதிக்கும். முந்தைய ஒன்பிளஸ் 13-ஐயும் பக்கத்தில் வையுங்கள் (நடுவில் 14 என்று ஒன்று கிடையாது). அதில் பேட்டரி 6000, முதன்மை கேமரா சென்சார் 1/1.4 அங்குல வகை. 15-ல் பேட்டரி 7300-க்கு ஏறியது, சென்சார் 1/1.56-க்கு இறங்கியது. பேட்டரியைப் பற்றி லீக் சொன்னவர்களும் சரி, கேமரா பழைய அளவில் வராது என்றவர்களும் சரி.

இதே கணக்கை மறுமுனையிலிருந்தும் பார்க்கலாம். 2025-ல் மெல்லிய போன் மோகம் திரும்பி வந்தது. கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8 மி.மீ., ஐபோன் ஏர் 5.6 மி.மீ. முதலாவதில் 3900 எம்ஏஎச் பேட்டரி, தனி ஜூம் கேமரா கிடையாது. இரண்டாவதில் பின்பக்கம் ஒரே ஒரு கேமரா. அந்தக் கேமரா புடைத்து நிற்கும் தலைமேட்டுக்குள்தான் மதர்போர்டையே ஏற்றி வைத்திருக்கிறார்கள், கீழே முழுக்கப் பேட்டரிக்கு விட வேண்டுமே என்று. வரும் முன் இந்த இரண்டு போனைப் பற்றியும் ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். தடிமன் எண் ஒன்று உறுதியானதுமே ஜூம் கேமரா போய்விடும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஆகவே உங்கள் பட்டியலில் நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியையோ கேமராவையோ இல்லை, அந்த 7.8-ஐ. அது வேறொரு வகைக்கான எண்ணாக இருக்கலாம், தலைமேட்டைத் தவிர்த்து ஒல்லியான இடத்தில் எடுத்த அளவாக இருக்கலாம்.

பேட்டரி விஷயத்தில் இன்னும் இரண்டு குழப்பம் உண்டு. உங்கள் நண்பர்கள் சண்டை போட்ட இடம் இதுவாகத்தான் இருக்கும். சான்றிதழ் ஆவணங்களில் வருவது குறைந்தபட்ச உறுதி அளவு. பெட்டியில் அச்சிடுவது வழக்கமாகக் கிடைக்கும் அளவு, அது கொஞ்சம் கூடவே இருக்கும். ஆவணத்தில் 6850 என்று ஒருவர் காட்டுவார், 7000 என்று இன்னொருவர் சத்தியம் செய்வார், இரண்டும் ஒரே பேட்டரிதான்.

இரண்டாவது குழப்பம் வண்டியேற்றும் விதி. லித்தியம் அயன் செல்களை அனுப்புவதற்கான சர்வதேச விதிகளில் ஒரு செல்லுக்கு 20 வாட்-மணி என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குள் இருந்தால் சலுகை, தாண்டினால் முழு அபாயச் சரக்குக்கான கட்டுப்பாடும் காகிதமும். 5000 எம்ஏஎச்சை 3.85-ஆல் பெருக்கிப் பாருங்கள், 19.25 வரும். கோட்டுக்குச் சற்று உள்ளே. கேலக்ஸியின் அல்ட்ரா வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2020-ல் எஸ்20 அல்ட்ரா 5000. 2025-ல் எஸ்25 அல்ட்ராவும் 5000. நடுவில் வந்த அத்தனையும் 5000. ஒவ்வொரு வருடமும் ‘இந்தத் தடவை 5500’ என்று ஒரு புலி வருது புலி வருது நடக்கும். இந்தக் கோட்டைத் தாண்ட ஒரு வழி, ஒரு பெரிய செல்லுக்குப் பதில் இரண்டு சிறிய செல்களாகப் பிரிப்பது. ஆனால் இரண்டு செல் என்றால் இரண்டு ஓரம், இரண்டு உறை மடிப்பு, அதற்கும் இடம் போகும்.

ஒரே போன் ஊருக்கு ஊர் வேறு எண்ணோடு வருவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நத்திங் போன் 3 பெரும்பாலான நாடுகளில் 5150, இந்தியாவில் 5500. ஹானர் மேஜிக் 7 ப்ரோ சீனாவில் 5850, ஐரோப்பாவில் 5270. ஆகவே லீக்கில் எண் மட்டும் வந்தால் போதாது, அது எந்தச் சந்தைக்கான மாடல் எண் என்பதும் வர வேண்டும். வராவிட்டால் அந்த 7000 உங்கள் கைக்கு வருமா என்பதைச் சொல்ல முடியாது.

சிலிக்கன்-கார்பன் என்ற சொல் எல்லார் வாயிலும் அடிபடுகிறது, அது மந்திரம் இல்லை என்பதையும் ஒரு வரியில் தொட்டுவிடலாம். பேட்டரிக்குள் லித்தியத்தைப் பிடித்து வைக்கும் வழக்கமான கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 எம்ஏஎச் பிடிக்கும். சிலிக்கன் ஏட்டுக் கணக்கில் அதைப்போல் பத்து மடங்கு. ஆனால் லித்தியத்தை விழுங்கும்போது அது மூன்று நான்கு மடங்கு பருத்துவிடும், வெளியே விடும்போது சுருங்கும். அப்படியே போட்டால் சில நாளில் நொறுங்கிவிடும். அதனால் கார்பனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கிறார்கள். 2023-ல் ஹானர் மேஜிக் 5 ப்ரோவின் சீன மாடலில் இது முதலில் போனுக்குள் வந்தபோது கிடைத்தது 5450 எம்ஏஎச். இரண்டு மூன்று வருடத்தில் 7000 தாண்டியது கலவையின் அளவு ஏறியதால்தான். உங்கள் போனைத் தயாரிக்கும் நிறுவனம் இதுவரை சிலிக்கன் கலவை பக்கமே போகாதது என்றால், முதல் தடவையிலேயே 7000-க்குத் தாவும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கேமராவுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘1 அங்குல சென்சார்’ என்பது 1 அங்குலம் இல்லை. அந்தப் பெயர் பழைய டிவி கேமராக்களில் இருந்த வெற்றிடக் குழாயின் வெளி விட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. நிஜத்தில் சென்சாரின் மூலைவிட்டம் சுமார் 16 மி.மீ. 1 அங்குலம் என்றால் 25.4 என்று பள்ளியில் படித்ததை மறந்துவிடுங்கள். 2022 ஜூலையில் சியோமி 12எஸ் அல்ட்ராவில் சோனியின் ஐஎம்எக்ஸ்989 வந்ததிலிருந்து இந்த வார்த்தைக்குத் தனி மவுசு.

முழுச்சட்ட கேமராவின் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள பெரிய கேமரா) மூலைவிட்டம் 43.3 மி.மீ. அதை 16-ஆல் வகுத்தால் 2.7. போன்களின் முதன்மை கேமரா வழக்கமாக அந்தப் பெரிய கேமராவின் 23 மி.மீ. லென்ஸுக்குச் சமமான அகலத்தைப் பார்க்கும். 23-ஐ 2.7-ஆல் வகுத்தால் எட்டரை. ஆக லென்ஸின் உண்மையான குவியத் தூரம் எட்டரை மி.மீ. அந்தத் தூரத்தை எந்த மென்பொருளும் மடக்க முடியாது, ஒளி அவ்வளவு தூரம் போய்த்தான் ஆக வேண்டும். சென்சாருக்குக் கீழே அதன் சர்க்யூட் தகடு, அதற்கும் கீழே திரை, லென்ஸ் அடுக்குக்கு மேலே பாதுகாப்புக் கண்ணாடி. எல்லாம் கூட்டினால் 12 மி.மீ.யைத் தொடும். 7.8 மி.மீ. போனில் நாலு, நாலரை மி.மீ. மேடு தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

இதனால் உங்களுக்கு ஒரு சுலபமான சோதனை கிடைக்கிறது. உறை தயாரிப்பவர்களுக்குப் போகும் அளவு வரைபடங்கள் எப்படியும் வெளியே வரும், ஆன்லீக்ஸ் மாதிரி லீக் வெளியிடும் சமூக ஊடகக் கணக்குகள் அதை வைத்து முப்பரிமாணப் படம் போடுவார்கள். அந்தப் படத்தில் சென்சாரின் பெயர் இருக்காது, மேட்டோடு சேர்த்து எவ்வளவு தடிமன் என்ற எண் பெரும்பாலும் இருக்கும். 11 மி.மீ.க்குக் கீழே என்றால் 1 அங்குலத்தை மறந்துவிடுங்கள், யார் சொன்னாலும். உண்மையிலேயே 1 அங்குலம் வைத்த சியோமி 15 அல்ட்ராவின் உடம்பு, மேட்டைச் சேர்க்காமலே 9 மி.மீ.க்கு மேல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரிஸ்கோப் ஜூம் வரும் என்பதை நம்பலாம். 2019-ல் ஹுவாவே பி30 ப்ரோ காட்டியதிலிருந்து அது பழகிப்போன விஷயம். ஒரு பட்டகம் ஒளியைத் திருப்பிவிடும், லென்ஸ் படுத்துக்கொள்ளும், உயரம் மிச்சம். ஆனால் படுத்துக்கொள்வதால் அகலத்தில் பேட்டரியின் இடத்தைத் தின்னும், அதையும் மேலே போட்ட கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தோடு ஜூம் எண்களை வைத்துச் சண்டை போடாதீர்கள். எஸ்23 அல்ட்ராவில் 10 மடங்கு ஜூம், 10 மெகாபிக்சல். எஸ்24 அல்ட்ராவுக்கு 5 மடங்குதான் என்று லீக் வந்தபோது ‘தரம் இறங்கிவிட்டது’ என்று ஒரே கூச்சல். வந்தது 5 மடங்கு, 50 மெகாபிக்சல். அதன் நடுக் கால்வாசியை மட்டும் எடுத்தால் 10 மடங்கில் 12.5 மெகாபிக்சல் கிடைக்கிறது, 5-லிருந்து 10 வரை நடுவில் இருந்த ஓட்டையும் அடைபட்டது. லீக் சொன்ன எண் சரி, அதற்கு மக்கள் சொன்ன அர்த்தம் தப்பு.

இப்படி அர்த்தம் தப்பிப்போவது அடிக்கடி நடக்கும். 2022-ல் ஐபோன் 14 ப்ரோவின் திரையில் ஒரு மாத்திரை வடிவ ஓட்டையும் ஒரு வட்ட ஓட்டையும் வரும் என்று மாதக்கணக்கில் படங்கள் சுற்றின. அசிங்கமாக இருக்கும் என்று கேலி செய்யாதவர் இல்லை. ஓட்டைகள் அப்படியேதான் வந்தன. ஆனால் இரண்டையும் ஒரே கறுப்புத் தீவாக இணைத்து, அதில் அறிவிப்பும் பாட்டும் ஓட வைத்தது மென்பொருள். வன்பொருளைத் தொழிற்சாலையில் படம் எடுக்கலாம், மென்பொருளை அப்படி எடுக்க முடியாது.

திரைக்கடியில் செல்ஃபி கேமரா. இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 2020-ல் ஸெட்டிஇ ஆக்ஸான் 20 முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாம்சங் 2021-ல் மடக்கும் போனான ஃபோல்ட் 3-ன் உள்திரையில் 4 மெகாபிக்சலில் வைத்தது, சில தலைமுறை அதையே ஓட்டியது. 2025-ல் ஃபோல்ட் 7-ல் அதைத் தூக்கிவிட்டு, சாதாரண ஓட்டைக்குள் 10 மெகாபிக்சல் கேமராவுக்குத் திரும்பியது. ஒளியைப் பிக்சல்களுக்கு நடுவே வடிகட்டி விட்டால் படம் மங்கும், அவ்வளவுதான். கேமராவைப் பெருமையாகச் சொல்லி விற்கப்போகும் போனில் செல்ஃபியைப் பலி கொடுப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சிப்பைப் பற்றித்தான் சண்டை அதிகம், ஆனால் கணிக்க மிகச் சுலபமானதும் அதுதான். கடை விரிப்பவர்கள் நாலைந்து பேர், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு தேதி. குவால்காம் தன் ஸ்னாப்டிராகன் வரிசையில் 8 ஜென் 2-ஐ 2022 நவம்பரில் அறிவித்தது, 8 ஜென் 3-ஐ 2023 அக்டோபரில், 8 எலைட்டை 2024 அக்டோபரில், அதற்கு அடுத்ததை 2025 செப்டம்பரில். உங்கள் போன் வரும் மாதத்தை நாட்காட்டியில் வைத்தால் சிப்பின் பெயர் தானாக விழும். கேட்க வேண்டியது வேறு இரண்டு. உங்கள் பகுதிக்கு எந்த சிப்? கேலக்ஸி எஸ்22 சில நாடுகளில் ஸ்னாப்டிராகன், சில நாடுகளில் சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ். எஸ்23 எல்லா இடத்திலும் ஸ்னாப்டிராகன். எஸ்24-ல் மறுபடி பிரிந்தது, அல்ட்ரா மட்டும் தப்பியது. எஸ்25-ல் மீண்டும் ஒன்று. பெரியப்பா மனசு மாதிரி மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, அதைச் செய்தது எந்த ஆலை? ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங் ஆலையில் தயாரானது, சூட்டுக்குப் பெயர் போனது. அடிப்படையில் அதே வடிவமைப்பு தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாறி 8 பிளஸ் ஜென் 1 ஆக வந்ததும் சூடு அடங்கியது. இரண்டுக்கும் ‘4 நானோமீட்டர்’ என்றே பெயர். அந்த நானோமீட்டர் இப்போதெல்லாம் அளவு இல்லை, வணிகப் பெயர். சிப்புக்குள் எதையும் அளந்து அந்த எண்ணைக் காட்ட முடியாது.

போனின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியின் மதிப்பெண்ணை வைத்து எவராவது தூக்கிப் பேசினால் சிரித்துவிட்டு நகருங்கள். போனின் பெயர் அங்கே விழுவதற்கு அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றினால் போதும். உண்மையான சோதனை மாதிரியாகவே இருந்தாலும் கடிகார வேகம் இறுதியாகியிருக்காது. அத்தோடு அந்தச் சோதனை சில நிமிடம் ஓடுவது. அரை மணி நேரம் கேம் ஆடினால் அந்த மெல்லிய உடம்பு சூட்டை எங்கே கொட்டும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ரேமை மட்டும் கவனியுங்கள். 2024-ல் ஆப்பிளின் ஏஐ வசதிகள் வந்தபோது 8 ஜிபி இருந்த ஐபோன் 15 ப்ரோவுக்குக் கிடைத்தது, 6 ஜிபி இருந்த ஐபோன் 15-க்குக் கிடைக்கவில்லை. வாங்கி ஒரு வருடம் ஆகும் முன்பே பலர் கையைப் பிசைந்தார்கள்.

சரி, எந்த லீக்கை எவ்வளவு நம்புவது? நெருப்பில்லாமல் புகையாதுதான், ஆனால் எந்த அடுப்பிலிருந்து வருகிற புகை என்று பார்க்க வேண்டும். சட்டப்படி தாக்கல் செய்தே ஆக வேண்டிய ஆவணங்கள் எனக்கு முதலில். அமெரிக்காவின் எஃப்சிசி, சீனாவின் டெனா மாதிரி போன் விற்க அனுமதி தரும் அமைப்புகளுக்கு நிறுவனம் பொய் சொல்ல முடியாது. அளவு, எடை, பேட்டரி, அலைவரிசை எல்லாம் அங்கே விழும். சீனாவின் 3சி என்ற கட்டாயப் பாதுகாப்புச் சான்றில் சார்ஜரின் வாட் வரும். உங்கள் 120 வாட் அங்கே தெரியாத வரை அது வெறும் பேச்சு. அடுத்தது உடம்பின் வடிவம். அச்சு வெட்டிய பிறகு மாற்றினால் பெரும் செலவு, ஆகவே வெளியீட்டுக்கு நாலைந்து மாதம் முன் வரும் வடிவம் அநேகமாக உறுதி. அநேகமாக என்றுதான் சொன்னேன். 2011-ல் வரப்போவது ஐபோன் 5 என்று நம்பி, ஓரம் சரிந்த புது வடிவத்துக்கு உறைகளே செய்து வைத்தவர்கள் உண்டு. அக்டோபர் 4 அன்று அறிவிக்கப்பட்டது பழைய உடம்போடு 4எஸ்.

ஆய்வாளர்களின் பேச்சு மூன்றாவது. அவர்கள் பாகம் விற்பவர்களிடம் கேட்டுச் சொல்கிறவர்கள், பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் கவிழ்ப்பது காலம். மிங்-ச்சி குவோ 2021-ல் ஐபோன் 13-க்கு செயற்கைக்கோள் இணைப்பு வரும் என்றார், அது அடுத்த வருடம் 14-ல் வந்தது. 15 ப்ரோவில் அழுந்தாத, அதிர்வால் ஏமாற்றும் பொத்தான்கள் வரும் என்றார், 2023 ஏப்ரலில் தொழில்நுட்பச் சிக்கலால் கைவிட்டுவிட்டார்கள் என்று அவரே சொன்னார். செப்டம்பரில் சாதாரணப் பொத்தான்களே வந்தன. அந்த இரண்டு செய்தியையும் பொய் என்று தள்ள முடியாது. பாகங்கள் சோதனையில் இருந்தன, போனுக்குள் ஏறவில்லை. இதைவிடப் பெரிய உதாரணம், ஐபோனுக்கு நீலக்கல் (சஃபையர்) திரை வரும் என்ற பேச்சு. ஆப்பிள் 2013-ல் நீலக்கல் தயாரிக்க ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் நிறுவனத்துக்கு 57.8 கோடி டாலர் முன்பணம் தருவதாக ஒப்பந்தம் போட்டது பகிரங்கச் செய்தி. அவ்வளவு பணம் இறங்கிய பின் யார்தான் சந்தேகப்படுவார்கள்? 2014 செப்டம்பரில் ஐபோன் 6 சாதாரணக் கண்ணாடியோடு வந்தது, அடுத்த மாதம் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

நிறுவனங்கள் லீக்கை வெறுக்கின்றன என்பதும் பாதிக் கதைதான். 2018-ல் ஆப்பிள் ஊழியர்களுக்கு ஓர் எச்சரிக்கை போனது, முந்தைய வருடம் 29 பேரைப் பிடித்தோம், 12 பேர் கைதானார்கள் என்று. அந்த எச்சரிக்கையே லீக் ஆகித்தான் நமக்குத் தெரியவந்தது. இன்னொரு பக்கம் 2019 ஜூனில் பிக்சல் 4-ன் படங்கள் சுற்ற ஆரம்பித்ததும், வெளியீட்டுக்குப் பல மாதம் முன்பே கூகுள் தானே பின்பக்கப் படத்தைப் போட்டுவிட்டது.

கடைசியில் நிற்பவை விலை, நிறங்கள், ரேம் வகைகள், சார்ஜரின் வேகம். இவற்றைக் கடைசி வாரம்வரை மாற்றலாம், மாற்றவும் செய்கிறார்கள். விலை லீக்கை நான் படிப்பதே இல்லை.

என் கணிப்பைக் கேட்டீர்கள் என்றால் சொல்கிறேன், தப்பினால் வந்து கிண்டல் செய்யுங்கள். பேட்டரியும் சார்ஜிங்கும் சொன்னபடி அல்லது கொஞ்சம் குறைவாக வரும், 6500-க்குக் கீழே போகாது. தடிமன் 8.2-க்கு மேல் போகும். 1 அங்குல சென்சார் வராது, 1/1.3 வட்டாரத்தில் ஒன்று வரும். பெரிஸ்கோப் வரும். திரைக்கடி கேமரா வராது, ஓட்டைதான். சிப் வரும், அதைச் சொல்ல நான் வேண்டாம். 1 அங்குலம் கண்டிப்பாக வந்தே தீரும் என்று வரைபடத்தின் மேடு காட்டினால் என் பேட்டரிக் கணிப்பை 6000-க்கு இறக்கிக்கொள்வேன். இரண்டும் சேர்ந்து வந்தால் அந்தப் போனை நானே வாங்கித் திறந்து பார்ப்பேன்.

காத்திருக்கலாமா என்று கேட்டது மிச்சம் இருக்கிறது. உங்கள் போனில் என்ன குறை என்று நீங்கள் எழுதவில்லை. மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது என்பதுதான் குறை என்றால் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள், காத்திருக்கும் மூன்று மாதமும் நிம்மதியாகப் போகும். கேமராவுக்காக என்றால் காத்திருங்கள், ஆனால் வெளியீட்டு நாளில் வாங்காதீர்கள். எவராவது அதைப் பிரித்து உள்ளே படம் எடுத்துப் போடும்வரை ஒரு வாரம் பொறுங்கள். பேட்டரிக்கு மேல் அந்த விசிட்டிங் கார்டு சந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.